நெரிசலில் ஓடும் சில துகள்கள்: கண்ணாடிநிலைக் கூழ்மங்களில் இயக்க ஏற்றத்தாழ்வை அளப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நூறு துகள்கள் கொண்ட இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொள்வோம். முதல் மாதிரியில் ஒவ்வொரு துகளும் 0.1 மைக்ரோமீட்டர் நகர்ந்திருக்கிறது. இரண்டாவதில் தொண்ணூற்றொன்பது துகள்கள் அசையவே இல்லை. ஒன்று மட்டும் 1 மைக்ரோமீட்டர் ஓடியிருக்கிறது. இடப்பெயர்ச்சியை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் (இதுவே சராசரி இருபடி இடப்பெயர்ச்சி) இரண்டுக்கும் விடை 0.01 சதுர மைக்ரோமீட்டர்தான். முதலாவது சோம்பலான திரவம். இரண்டாவது, கண்ணாடிநிலையை, அதாவது ஒழுங்கற்ற அமைப்போடே திடம்போல் உறையும் நிலையை, நெருங்கிக்கொண்டிருக்கும் பொருள். சராசரி இரண்டையும் பிரித்துக் காட்டாது.

கூழ்மம் என்பது நுண்துகள்கள் திரவத்தில் மிதக்கும் கலவை. அடர்த்தியாக நெருக்கப்பட்ட கூழ்மத்தில் ஒவ்வொரு துகளையும் அண்டைத் துகள்கள் கூண்டுபோல் சூழ்ந்திருக்கின்றன. கூண்டுக்குள் அது துடித்துக்கொண்டே இருக்கும். எப்போதாவது ஒரு பகுதியில் கூண்டுகள் உடைய, அங்குள்ள சில துகள்கள் சேர்ந்தாற்போல் இடம் மாறும். சற்றுத் தள்ளி இருப்பவை எதுவும் நடக்காததுபோல் கிடக்கும். இதைத்தான் இயக்க ஏற்றத்தாழ்வு என்கிறோம். 1990களின் பிற்பகுதியில் கணினிப் பாவனைகளில் தெளிவாகக் காணப்பட்ட இந்த நடத்தையை, 2000ஆம் ஆண்டில் எரிக் வீக்ஸ், டேவிட் வெய்ட்ஸ் குழுவினரும், வில்லெம் கேகெல், அல்ஃபோன்ஸ் வான் பிளாடரென் இருவரும் தனித்தனியாகக் குவிய நுண்ணோக்கியின் (மாதிரியின் ஒரு தளத்தை மட்டும் பிரித்துக் காட்டும் நுண்ணோக்கி) கீழ் நேரடியாகப் பார்த்தார்கள்.

பினாங்கில் இத்துறையில் கால்வைக்கும் தமிழ் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிண்டன் வளாகத்து ஆய்வகத்தில் கூழ்மம் கலக்குபவரும் படிக்கலாம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பற்றாசைப் பசையின் குணத்தைப் புரிந்துகொள்ள முயலும் பொறியாளரும் படிக்கலாம். ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிப்பது எளிது. கேமரா இரைச்சல், அறை வெப்பநிலை, தவறாக இணைக்கப்பட்ட ஒரே ஒரு பாதை என எதுவும் அதை உருவாக்கிக் காட்டிவிடும். நீங்கள் கண்டது மாதிரியிலிருந்து வந்ததுதான் என்று நிறுவுவதே உண்மையான வேலை. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதை நோக்கியே அமைக்கப்பட்டிருக்கிறது.

படி 1: கண்ணாடியா, நெரிசலா?

இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அளக்கும் முறை வேறு. கண்ணாடிநிலையில் துகள்களை அசைப்பது வெப்பம். நெரிசல் நிலையில் வெப்பத்துக்கு வேலையில்லை. வெளியிலிருந்து யாராவது குலுக்கவோ திரிக்கவோ வேண்டும். ஆண்ட்ரியா லியூவும் சிட்னி நேகலும் 1998இல் இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவர முன்மொழிந்தார்கள் என்றாலும், ஆய்வு மேசையில் இவற்றைப் பிரித்துத்தான் கையாள வேண்டும்.

எல்லையைத் துகளின் அளவே சொல்லிவிடும். 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கோளம் 30 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் தனியாக மிதந்தால், அதன் விரவல் கெழு (தற்போக்காக அலைந்து பரவும் வேகத்தின் அளவு) வினாடிக்குச் சுமார் 0.55 சதுர மைக்ரோமீட்டர். தன் ஆரத்தளவு நகர அதற்கு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். அதே தண்ணீரில் 100 மைக்ரோமீட்டர் கோளத்துக்கு ஒரு நாளுக்கும் மேல் ஆகும், அதுவும் சுற்றிலும் யாருமில்லாதபோது. ஆகவே சில மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்கள் என்றால் கண்ணாடிநிலை அளவீடு. நுரைக் குமிழி, மணல், பெரிய எண்ணெய்த் துளி என்றால் நெரிசல் அளவீடு.

நினைவில் இருக்க வேண்டிய எண்கள்: கடினக் கோளங்கள் கன அளவில் சுமார் 0.58 பங்கை நிரப்பும்போது கண்ணாடிநிலைக்குப் போகின்றன, சுமார் 0.64இல் ஒழுங்கின்றி நெரிந்து நிற்கின்றன. தட்டையான ஓரடுக்கில், இரண்டு அளவுத் தட்டுகள் கலந்திருந்தால், நெரிசல் பரப்பில் சுமார் 0.84 பங்கில் வருகிறது.

படி 2: மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்குச் சிலிக்கா ஓரடுக்கையே நான் பரிந்துரைப்பேன். சுமார் 3 மைக்ரோமீட்டர் சிலிக்கா கோளங்கள் தண்ணீரில் அடியில் படிந்து ஒரே அடுக்காகக் கிடக்கும். வெப்பத்தால் அவை மேலெழும்பக்கூடிய உயரம் ஏறத்தாழ 0.03 மைக்ரோமீட்டர் மட்டுமே. எனவே எல்லாத் துகள்களும் எப்போதும் குவியத்தில் இருக்கும். குவிய நுண்ணோக்கி தேவையில்லை, சாதாரண தலைகீழ் நுண்ணோக்கியும் நல்ல கேமராவும் போதும். ஒரே அளவுக் கோளங்களை மட்டும் போட்டால் அவை தேன்கூட்டு ஒழுங்கில் படிகமாகிவிடும். ஆகவே விட்ட விகிதம் 1:1.4 ஆக இரண்டு அளவுகளை, எண்ணிக்கையில் பாதிக்குப் பாதியாகக் கலக்குங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது மட்டம். நுண்ணோக்கியின் பீடம் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்திருந்தாலே, சரிவின் திசையில் ஈர்ப்பு தன் வேலையைக் காட்டத் தொடங்கும் தொலைவு இருபது மைக்ரோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. ஒரு பக்கம் துகள்கள் குவிந்து, மறுபக்கம் தளர்ந்து போகும். பிறகு நீங்கள் காண்பது "வேகமான பகுதியும் மெதுவான பகுதியும்" அல்ல, அடர்த்தி குறைந்த பகுதியும் கூடிய பகுதியும்தான். ஆகவே மாதிரியை வைத்தபின் ஒரு நாள் விட்டு, பல இடங்களில் அடர்த்தியை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது தெரிவு, பி.என்.ஐ.பி.ஏ.எம். என்னும் பாலிமரால் ஆன நுண்கூழ்மத் துகள்கள். வெப்பநிலை கூடினால் அவை சுருங்கும். சுமார் 32 டிகிரிக்கு மேல் சட்டென்று சுருங்கிவிடும். ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு வெப்பநிலையை மட்டும் மாற்றி, அடர்த்தியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அருமையான பொருள், ஆனால் நம் தட்பவெப்பத்தில் தொல்லை தரும். அதை அடுத்த படியில் சொல்கிறேன். மூன்றாவது, ஒளிவிலகல் எண் பொருந்திய கரைப்பானில் மிதக்கும் பி.எம்.எம்.ஏ. என்னும் பிளாஸ்டிக் கோளங்கள். முப்பரிமாணத்தில் பார்க்க இதுவே சிறந்தது. அதற்குக் குவிய நுண்ணோக்கி வேண்டும்.

ரப்பர் பாலைப் பயன்படுத்தலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு அந்த ஆசை இயல்பானதே. ரப்பர் பாலும் கூழ்மம்தான், கெட்டியாக்கினால் நெரிசலும் அடையும். ஆனால் அதன் துகள்கள் 0.1 மைக்ரோமீட்டருக்கும் கீழிருந்து சில மைக்ரோமீட்டர் வரை பலவித அளவில் இருப்பதால், ஒவ்வொரு துகளாகப் பின்தொடர இயலாது. பின்னால் வரும் லேசர் முறைக்கு அது ஏற்றது.

கோளங்களுக்கு மின்னேற்றம் உண்டு. தூய நீரில் அவை ஒன்றையொன்று தூரத்திலிருந்தே விலக்கும். லிட்டருக்கு 1 மில்லிமோல் சோடியம் குளோரைடு சேர்த்தால் அந்த விலக்கத்தின் எட்டுதூரம் சுமார் 10 நானோமீட்டராகக் குறையும். உப்பை மேலும் மேலும் கூட்டினால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். மாதிரியை வைத்திருக்கும் கண்ணாடிச் சிற்றறையின் விளிம்புகளைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். ஆவியாதல் மெதுவாக அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போகும். அது அப்படியே மாதிரி மூப்படைவதுபோல் தோற்றமளிக்கும்.

படி 3: பினாங்கு அறையை அடக்குதல்

வெளிநாட்டு நூல்களில் "அறை வெப்பநிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நமக்கு அது முடிவதில்லை. குளிர்சாதனம் இல்லாத அறை பகலில் 30 டிகிரியைத் தாண்டும். நுண்கூழ்மத் துகள்கள் அந்நிலையில் சுருங்கும் விளிம்பில் நிற்கின்றன, அரை டிகிரி மாறினாலும் அடர்த்தி மாறும். குளிர்சாதனம் ஓடும் அறையிலோ அமுக்கி இயங்கி நின்று இயங்க, வெப்பநிலை அலைபோல் ஏறி இறங்கும். அந்த அலை எல்லாத் துகள்களையும் ஒரே நேரத்தில் வேகப்படுத்தித் தணிக்கும். படி 9இல் வரும் கணக்கில் அது மாபெரும் கூட்டியக்கமாகப் பதிவாகும், உண்மையில் அங்கே இருப்பது அறைக் குளிர்சாதனத்தின் இயக்கம். எனவே மாதிரிக்கு அருகில் ஒரு வெப்ப உணரியை ஒட்டி, படப்பதிவு முழுவதும் அதன் அளவையும் பதியுங்கள்.

எண்ணெய் தொட்டுப் பார்க்கும் வில்லை, மாதிரியின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் உலோகத் துண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பீடத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது; வில்லையையும் அதே வெப்பநிலையில் வைக்க வேண்டும். பீடத்தைக் குளிர்விப்பதிலும் எல்லை உண்டு. நம் தீவின் வெளிக்காற்றில் பனிநிலை சுமார் 24 டிகிரி. ஈரத்தை உறிஞ்சாத அறையில் அதற்குக் கீழே போனால் மூடுகண்ணாடியில் நீர் படிந்து படம் மங்கும்.

ஈரப்பதம் வில்லைகளில் பூஞ்சையையும் வளர்க்கும். பூஞ்சை பிடித்த வில்லை துகள்களின் பிம்பத்தை ஒரு பக்கமாக இழுத்து, இடங்காணலில் நிலையான பிழையைக் கொண்டுவரும். வில்லைகளை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமுள்ள உலர்பெட்டியில் வைத்திருங்கள். பிற்பகல் இடிமழைக்கு மின்சாரம் ஒரு நொடி போய்வந்தாலே நீண்ட பதிவு பாழாகும். கேமராவும் கணினியும் வெப்பக் கட்டுப்பாடும் தடையில்லா மின்வழங்கியில் இருக்கட்டும்.

படி 4: அசல் மாதிரிக்கு முன் அளவு திருத்தம்

முதலில் பிக்சல் ஒன்றுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் என்பதை அளவுகோல் ஸ்லைடால் கண்டுகொள்ளுங்கள்.

அடுத்து, அதே துகள்களை மிகவும் நீர்த்த நிலையில் பதிவு செய்யுங்கள். 1 மைக்ரோமீட்டர் கோளம் என்றால், படி 1இல் சொன்ன 0.55 வர வேண்டும். விட்டம் கூடினால் அதே விகிதத்தில் இது குறையும், குறைந்தால் கூடும். சிலிக்கா போல அடியில் படிந்தவை கண்ணாடிச் சுவரின் இழுவையால் அந்த மதிப்பில் பாதிக்கும் குறைவாகவே காட்டும், அது பிழையன்று. நீர்த்த மாதிரியின் இடப்பெயர்ச்சிப் பரவல் காஸ் மணிவடிவத்தில் இருக்க வேண்டும். இங்கேயே வால் நீண்டிருந்தால் உங்கள் கருவியோ நிரலோ பொய் சொல்கிறது, மேலே போகாதீர்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். உப்பைக் கூட்டித் துகள்களைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, அசையாதவற்றைப் படமெடுங்கள். அவை அசைவதாக நிரல் சொல்லும் அளவே உங்கள் இரைச்சல். ஒவ்வோர் அச்சிலும் இடங்காணல் பிழை 20 நானோமீட்டர் என்றால், இரு பரிமாணத்தில் சராசரி இருபடி இடப்பெயர்ச்சிக்கு 0.0016 சதுர மைக்ரோமீட்டர் தரைமட்டம் கிடைக்கும். 1 மைக்ரோமீட்டர் துகள் கூண்டுக்குள் துடிக்கும் அளவு விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.01 சதுர மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். இரண்டுக்கும் இடையே இந்த இடைவெளி இருந்தால் வேலை செய்யலாம். பிழை 50 நானோமீட்டராக இருந்தால் தரைமட்டமே 0.01ஐத் தொட்டுவிடும், அப்போது நீங்கள் கூண்டை அளக்கவில்லை, கேமராவை அளக்கிறீர்கள்.

ஒட்டிய துகள்களையும் அசல் மாதிரியின் அதே ஒளியில், அதே வெளிச்ச நேரத்தில், முடிந்தவரை அதே நெருக்கத்தில் எடுங்கள். அடுத்தடுத்து இருக்கும் துகள்களின் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால், தனித்திருக்கும் துகளைவிட நெருக்கத்தில் இருப்பதன் பிழை கூடுதல்.

படி 5: படப்பதிவு

கண்ணாடிநிலையில் காலம் நூற்றில் ஒரு வினாடியிலிருந்து மணிக்கணக்கு வரை விரிகிறது. முழுவதையும் ஒரே வேகத்தில் பதிய முடியாது. 1024 × 1024 பிக்சல், வினாடிக்கு 10 பிரேம் என்றாலே மணிக்குச் சுமார் 38 ஜிகாபைட். சில நிமிடங்களுக்கு வேகமான பதிவு, பிறகு பத்து வினாடிக்கு ஒரு படமாக நீண்ட பதிவு, மீண்டும் ஒரு வேகப் பதிவு என்று அடுக்குங்கள். முதல், கடைசி வேகப் பதிவுகள் ஒத்திருந்தால் மாதிரி இடையில் மாறவில்லை என்று தெரியும்.

மாதிரியை கலக்கி வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிநிலை ஆழமாக ஆக, மாதிரி மூப்படைந்து நாளுக்கு நாள் மந்தமாகும். ஒரு மணி நேர வயதான மாதிரியும் ஒரு நாள் வயதான மாதிரியும் வேறு வேறு பொருட்கள். இரண்டின் தரவையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

படி 6: துகள்களைப் பின்தொடர்தல்

ஜான் கிராக்கரும் டேவிட் கிரியரும் 1996இல் வெளியிட்ட முறையே இன்றும் அடித்தளம்: படத்தை வடிகட்டு, பிரகாசமான உச்சிகளைத் தேடு, ஒளியின் எடைமையத்தைக் கணக்கிடு, அடுத்த பிரேமில் அருகிலிருப்பதோடு இணை. பைத்தானில் இதற்கு டிராக்பை என்னும் இலவச நிரல்தொகுப்பு உள்ளது. அதில் துகளின் விட்டத்தை ஒற்றைப்படைப் பிக்சல் எண்ணாகத் தர வேண்டும்.

விட்டத்தைச் சிறிதாகக் கொடுத்தால் நிரல் மையங்களை முழுப் பிக்சல் எண்ணை நோக்கி இழுக்கும். கண்டுபிடித்த மையங்களின் பின்னப் பகுதியை மட்டும் எடுத்து நிகழ்வெண் வரைபடம் போடுங்கள். அது தட்டையாக இருக்க வேண்டும். விளிம்புகளிலோ நடுவிலோ மேடு இருந்தால் விட்டத்தை மாற்றி மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு அளவுத் துகள்கள் என்றால் ஒவ்வோர் அளவுக்கும் தனியாகத் தேடிப் பிறகு இணைப்பது நல்லது.

இணைக்கும்போது தேடல் தூரம் அண்டைத் துகளுக்கான தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இங்கே இரண்டு எதிரெதிர்ப் பிழைகள் காத்திருக்கின்றன. தூரம் குறைவாக இருந்தால் வேகமாக ஓடும் துகள்கள் மட்டும் பாதையிலிருந்து அறுந்துபோகும். நாம் தேடி வந்தவையே காணாமற்போகும். தூரம் அதிகமானால் இரண்டு துகள்களின் அடையாளம் மாறி, ஒரு துகள் விட்டத்தின் அளவுக்குத் துல்லியமான போலித் தாவல்கள் முளைக்கும்.

அந்தப் போலித் தாவல் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. காஸ் பரவலில் அமைந்த ஆயிரம் இடப்பெயர்ச்சிகள், சராசரி இருபடி 0.01. அவற்றோடு 1 மைக்ரோமீட்டர் போலித் தாவல் ஒன்றே ஒன்று சேர்ந்தால், காஸ் வடிவத்திலிருந்து விலகும் அளவைச் சொல்லும் ஆல்ஃபா-2 (படி 8இல் வரும்) பூஜ்யத்திலிருந்து ஏறத்தாழ 4க்குத் தாவிவிடும். எனவே மிகப்பெரிய இடப்பெயர்ச்சிகளை வரிசைப்படுத்தி, முதல் சில பத்து நிகழ்வுகளின் காணொளியை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். இதற்கு மாற்றாக எந்த நிரலையும் நான் நம்பமாட்டேன்.

படி 7: ஒட்டுமொத்த நகர்வைக் கழித்தல்

பீடம் மெல்ல வழுக்கும், மாதிரிச் சிற்றறை விரிந்து சுருங்கும். ஒவ்வொரு பிரேமிலும் எல்லாத் துகள்களின் சராசரி நகர்வைக் கணக்கிட்டுக் கழித்துவிடுங்கள். சுழற்சி இருந்தால் அதையும்.

ஓரடுக்கு மாதிரிகளில் இது போதாது. இரு பரிமாணத்தில் நீண்ட அலைநீளமுள்ள மெல்லிய அலைகள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கூண்டு உடையாமலேயே துகளும் அதன் அண்டைகளும் சேர்ந்து வெகுதூரம் மிதந்து போகும். இரு பரிமாணக் கண்ணாடிக்கும் முப்பரிமாணக் கண்ணாடிக்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டோ என்று 2015இல் எழுந்த விவாதத்துக்கு, 2017இல் வந்த கூழ்மச் சோதனைகள் இந்த அலைகளையே காரணமாகக் காட்டின. தீர்வு எளியது: ஒவ்வொரு துகளின் நகர்விலிருந்தும் அதன் அண்டைத் துகள்களின் சராசரி நகர்வைக் கழியுங்கள். கூண்டைச் சார்ந்த இந்த இடப்பெயர்ச்சி அலைகளை நீக்கும். அதோடு உண்மையான கூட்டு நகர்விலும் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். ஆகவே இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, இரண்டையும் காட்டுங்கள்.

படி 8: சராசரியிலிருந்து பரவலுக்கு

இப்போது சராசரி இருபடி இடப்பெயர்ச்சியைக் கால இடைவெளிக்கு எதிராக, இரண்டு அச்சுகளையும் மடக்கை அளவில் வைத்து வரையுங்கள். முதலில் ஏற்றம், பிறகு கூண்டைக் குறிக்கும் சமவெளி, அதன் முடிவில் மீண்டும் ஏற்றம். சமவெளி முடிந்து கூண்டுகள் உடையும் அந்தக் காலமே நமக்கு முக்கியம்.

காஸ் பரவலிலிருந்து விலகும் அளவை ஆல்ஃபா-2 சொல்கிறது. இரு பரிமாணத்தில் கணக்கு இது: இடப்பெயர்ச்சியின் நான்காம் படியின் சராசரியை எடுங்கள், அதைச் சராசரி இருபடியின் வர்க்கத்தின் இரு மடங்கால் வகுத்து, 1ஐக் கழியுங்கள். காஸ் பரவலுக்கு விடை 0. குறுகிய காலத்திலும் மிக நீண்ட காலத்திலும் 0ஐ நெருங்கி, இடையில், கூண்டு உடையும் காலத்தை ஒட்டி உச்சம் தொடும். அந்த உச்சம் அமையும் கால இடைவெளியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சம் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம், மூன்று சோதனைகள் இருக்கின்றன. முதலாவது இரைச்சல். எல்லாத் துகளுக்கும் ஒரே அளவான இரைச்சல் ஆல்ஃபா-2ஐக் குறைத்துக் காட்டும். அளந்த சராசரி இருபடியில் பாதி இரைச்சல் என்றால், ஆல்ஃபா-2 உண்மை மதிப்பில் நான்கில் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் சில துகள்கள் மங்கலாகவும் சில பளிச்சென்றும் இருந்தால், இரைச்சலே துகளுக்குத் துகள் மாறி, இல்லாத ஏற்றத்தாழ்வை உண்டாக்கும். ஒட்டிய துகள்களுக்கும் ஆல்ஃபா-2 கணக்கிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது அளவு வேறுபாடு. பாதித் துகள்கள் ஒரு வேகத்திலும் மறுபாதி அதைப்போல் இரு மடங்கு விரவல் கெழுவிலும் சாதாரணமாகத் திரிந்தாலே, கண்ணாடிநிலை எதுவும் இல்லாமல் ஆல்ஃபா-2 சுமார் 0.11 வந்துவிடும். சிறியவற்றுக்குத் தனியாக, பெரியவற்றுக்குத் தனியாகக் கணக்கிட்டால் இந்தப் பங்கு மறையும்.

மூன்றாவது, நான்காம் படி என்பதால் விடை ஒருசில துகள்களையே சார்ந்திருக்கும். பிழைவரம்பைத் துகள் எண்ணிக்கையால் கணக்கிடாதீர்கள். தனித்தனி மாதிரிகளுக்கு இடையிலான வேறுபாட்டால் கணக்கிடுங்கள்.

ஒற்றை எண்ணோடு நிற்காமல் முழுப் பரவலையும், நிகழ்வெண் அச்சை மடக்கையில் வைத்து வரையுங்கள். நடுவில் குறுகிய காஸ் வடிவமும் ஓரங்களில் நேர்கோடாக இறங்கும் வால்களும் தெரிந்தால், கூண்டுக்குள் இருப்பவையும் வெளியேறியவையும் என்று இரண்டு கூட்டங்கள் இருப்பதன் அடையாளம் அது. கண்ணாடியாகும் பல்வேறு பொருட்களில் இந்த வால்கள் காணப்படுவதைப் பினாகி சௌதுரி, லுடோவிக் பெர்த்தியே, வால்டர் கோப் மூவரும் 2007இல் எடுத்துக்காட்டினார்கள்.

படி 9: இடத்தில் எங்கே?

பரவல், சில துகள்கள் அதிகம் ஓடின என்று மட்டுமே சொல்லும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருந்தனவா, சிதறி இருந்தனவா என்பது தனிக் கேள்வி. உண்மையில் அதுதான் பெரிய கேள்வி.

உச்சக் கால இடைவெளியில் மிக அதிகம் நகர்ந்த 5 விழுக்காட்டுத் துகள்களைத் தேர்ந்தெடுங்கள். இரட்டைப் பரவல் சார்பின் (ஒரு துகளிலிருந்து எந்தத் தூரத்தில் எவ்வளவு துகள்கள் இருக்கின்றன என்பதைக் காட்டும் வளைவு) முதல் பள்ளம் எந்தத் தூரத்தில் வருகிறதோ, அதற்குள் இருப்பவை அண்டைகள் எனக் கொண்டு, வேகமானவற்றைக் கொத்துகளாகச் சேருங்கள். பிறகு "வேகமானது" என்ற முத்திரையைத் துகள்களிடையே தற்போக்காகக் கலைத்துப்போட்டு அதே கணக்கைப் பலமுறை ஓட்டுங்கள். அசல் கொத்துகள் கலைத்தவற்றைவிடத் தெளிவாகப் பெரியதாக இருந்தால்தான் கூட்டியக்கம் என்று எழுதலாம். கலைக்கும்போது சிறியவற்றின் முத்திரையைச் சிறியவற்றுக்குள்ளேயே கலைக்க வேண்டும்.

கொத்துகளைப் படமாகப் பார்த்தால் அவற்றில் பல சரம்சரமாக இருக்கும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் கூட்டம் இறுகி நிற்கும்போது, எங்கோ ஓர் இடைவெளி திறக்க, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் என ஒரு வரிசை மட்டும் நழுவிப் போவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். துகள்களிலும் ஒன்று விட்ட இடத்தை அதன் பின்னிருப்பது பிடிக்கிறது.

அடுத்த கருவி நான்கு-புள்ளி ஏற்புத்திறன். பெயர்தான் கடுமை. ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். கூண்டைவிடச் சற்றுப் பெரியதாக, விட்டத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைத்துப் பார்க்கலாம். ஒரு கால இடைவெளியில் அந்தத் தூரத்துக்குள்ளேயே இருந்துவிட்ட துகள்களின் விகிதத்தைக் கணக்கிடுங்கள். தொடக்க நேரத்தை மாற்றி மாற்றி இதைச் செய்தால் விகிதம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் விலக்க வர்க்கச் சராசரியைத் துகள் எண்ணிக்கையால் பெருக்கினால் ஏற்புத்திறன் கிடைக்கிறது. துகள்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நகர்ந்தால் இதன் மதிப்பு 0.25ஐத் தாண்டாது, அது எளிய நிகழ்தகவுக் கணக்கு. தாண்டினால் பல துகள்கள் சேர்ந்து அசைகின்றன, மதிப்பு கூடக் கூடக் கூட்டம் பெரிது. தேர்ந்தெடுத்த தூரத்தைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முடிவு தலைகீழாக மாறக் கூடாது.

இந்த அளவுக்கு நிறையத் தரவு வேண்டும். ஏற்ற இறக்கத்தையே அளப்பதால், ஒன்றையொன்று சாராத காலத்துண்டுகள் பல பத்தாவது இருக்க வேண்டும். ஐந்து துண்டுகளை வைத்துக்கொண்டு எழுதும் எண்ணுக்குப் பொருளில்லை. பதிவின்போது மாதிரி மூப்படைந்தாலோ வெப்பநிலை அலைந்தாலோ, அந்த மாற்றம் முழுவதும் ஏற்புத்திறனில் வந்து சேரும். படி 3இல் பதிந்த வெப்பநிலையையும் இந்த விகிதத்தையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரையுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால் அந்தத் தரவை விட்டுவிடுங்கள்.

படி 10: வெப்பம் அசைக்காத பொருட்களும் ஒளி புகாத பொருட்களும்

நெரிசல் நிலையில் அசைவைத் தூண்ட வேண்டும்: சிறிய வீச்சில் முன்னும் பின்னும் சறுக்குப் பெயர்ச்சி கொடுத்து, ஒவ்வொரு சுற்றும் முடியும்போது ஒரு படம் எடுப்பது நம்பகமான வழி. சுற்று முடிவில் பழைய இடத்துக்குத் திரும்பாத துகள்களே மறுசீரமைந்தவை. தொடர்ந்து ஒரே திசையில் திரித்தால் மைக்கேல் ஃபால்க், ஜேம்ஸ் லேங்கர் இருவரும் 1998இல் கொடுத்த அளவைப் பயன்படுத்துங்கள்: ஒவ்வொரு துகளின் அண்டைகளுக்கும் மிகப் பொருத்தமான சீரான உருத்திரிபைக் கண்டுபிடித்து, அதைக் கழித்தபின் எஞ்சும் நகர்வின் வர்க்கத்தைக் கூட்டுவது. எஞ்சியது பெரிதாக இருக்கும் இடமே பொருள் உள்ளூர விட்டுக்கொடுத்த இடம். படி 8, 9இன் மற்றக் கணக்குகளில் காலத்துக்குப் பதிலாகச் சுற்று எண்ணிக்கையையோ திரிபின் அளவையோ வையுங்கள்.

மயோனிஸ், சவர நுரை, கெட்டியான ரப்பர் பால் போன்றவற்றில் தனித்துகள் தெரியாது. லேசரைப் பாய்ச்சினால் சிதறிய ஒளி கேமராவில் புள்ளிக்கோலமாக விழும். உள்ளே ஏதாவது இடம் மாறும்போது கோலமும் மாறும். டக்ளஸ் டூரியனும் உடனாய்வாளர்களும் 1991இல் சவர நுரைக்குள் நடக்கும் திடீர் மறுசீரமைப்புகளைச் சிதறிய லேசர் ஒளியின் இத்தகைய மாற்றத்தைக் கொண்டே அளந்தார்கள். இரண்டு நேரங்களின் கோலங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதை, இடைவெளியை மாற்றாமல் தொடக்க நேரத்தை மட்டும் நகர்த்திக் கணக்கிட்டால், ஏற்றத்தாழ்வு திடீர்ப் பள்ளங்களாகத் தெரியும். இந்த முறையில் மேசை அதிர்வு பெரும் எதிரி. கனமான பலகையில், கட்டடம் அடங்கிய இரவு நேரத்தில் பதியுங்கள்.

படி 11: எழுதும்போது சேர்க்க வேண்டியவை

முடிவு வரைபடத்தோடு இவற்றையும் தாருங்கள்: ஒட்டிய துகள்களின் இரைச்சல் தரைமட்டம், நீர்த்த மாதிரியின் விரவல் கெழு, மாதிரியின் வயது, வெப்பநிலைப் பதிவு, துகள் அளவுகளின் பரவல், தேடல் தூரம், அறுந்துபோன பாதைகளின் விழுக்காடு, நகர்வைக் கழித்த முறை, முத்திரை கலைத்த சோதனையின் விடை, தனித்தனி மாதிரிகளின் எண்ணிக்கை. அடர்த்தியை இரண்டு தசம இடத்துக்கு மேல் எழுதும்முன் துகள் விட்டத்தின் பிழையைப் பாருங்கள்: விட்டத்தில் 1 விழுக்காடு தவறு, கனப் பங்கில் 3 விழுக்காடு தவறாக வளரும். 0.58க்கு அருகில் அந்த 3 விழுக்காடு, திரவத்துக்கும் கண்ணாடிக்கும் இடையிலான தூரம். ஆகவே பிறர் முடிவோடு ஒப்பிடும்போது அடர்த்தியை மட்டும் வைத்து ஒப்பிடாமல், உங்கள் மாதிரியில் கூண்டு உடைய ஆகும் காலத்தை வைத்து ஒப்பிடுங்கள். அதை நீங்கள் நேரடியாக அளந்திருக்கிறீர்கள்.